மும்பை மாரத்தான் ஓடப்போறீங்களா, பெடர் ரோட்டை மனசுல வச்சு ஆரம்பிங்க

மூணு தடவை மும்பை ஃபுல், அதாவது 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான், ஓடியிருக்கேன். மொத தடவை 5 மணி 9 நிமிஷம், அடுத்தது 4.52, கடைசியா 4.31. பெரிய ரன்னர்லாம் கிடையாது, காலையில ஓடிட்டு ஒன்பதரைக்கு ஆபீஸ் போற ஆளு. மூணு தடவையும் ஒரே எடத்துலதான் அடி வாங்கினேன், மூணாவது தடவை கொஞ்சம் கம்மியா வாங்கினேன், அவ்ளோதான். அந்த எடம் பெடர் ரோடு, தெற்கு மும்பையில ஏத்தமா இருக்கற ரோடு. சென்னையில இருந்து வருஷா வருஷம் நெறைய பேர் மொத ஃபுல்லே மும்பைதான்னு கெளம்பறாங்க, வாட்ஸ்அப் குரூப்ல பாத்தா ஷூ எது, ஜெல் (ஓடறப்ப தெம்புக்கு சாப்பிடற இனிப்பு கூழ்) எதுன்னே பேச்சு போகுது, அதனால எனக்கு தெரிஞ்சதை ஒரே எடத்துல கொட்டிடறேன்.

மொதல்ல ரூட்டு. நான் ஓடினப்பல்லாம் சிஎஸ்எம்டி (பழைய விடி) ரயில்வே ஸ்டேஷன் முன்னாடி ஸ்டார்ட், சர்ச்கேட் நரிமன் பாயின்ட் பக்கம் போயி மரைன் டிரைவ், கெம்ப்ஸ் கார்னர்ல ஏறி பெடர் ரோடு, எறங்கினா ஹாஜி அலி, வோர்லி, ஸீ லிங்க்னு சொல்ற கடல் பாலம் மேல பாந்த்ரா, அங்கிருந்து மாஹிம், சிவாஜி பார்க், பிரபாதேவின்னு திரும்பி மறுபடியும் வோர்லி, ஹாஜி அலி, மறுபடியும் பெடர் ரோடு, மறுபடியும் மரைன் டிரைவ், கெளம்பின எடத்துகிட்டயே ஃபினிஷ். கோஸ்டல் ரோடு தொறந்தப்புறம் ரூட்ல கை வைக்க ஆரம்பிச்சிருக்காங்க, அதனால உங்க வருஷத்து மேப்பை டவுன்லோட் பண்ணி ஏத்தம் எத்தனாவது கிலோமீட்டர்ல வருதுன்னு பேனாவுல குறிச்சுக்கோங்க. போறப்ப பெடர் ரோடு இருட்டுல வரும், காலு புதுசா இருக்கும், ஏறினதே தெரியாது. திரும்பி வர்றப்ப 35 தாண்டியிருப்பீங்க, தலைக்கு மேல வெயில், அதே ரோடு அப்ப மலை மாதிரி நிக்கும். கீழ சொல்ற எல்லாமே இந்த ரெண்டாவது ஏத்தத்துக்கு கொஞ்சம் தெம்பு மிச்சம் பிடிக்கறதுக்குத்தான்.

காலண்டர்

மும்பை மாரத்தான் 2004-ல ஆரம்பிச்சது, ஜனவரி மூணாவது ஞாயித்துக்கிழமை நடக்கும். ரெஜிஸ்ட்ரேஷன் வருஷ நடுவுலயே தொறந்துடும், ஆகஸ்ட் செப்டம்பர்ல "அப்புறம் பாத்துக்கலாம்"னு இருந்தா போச்சு. பழைய ரேஸ் டைமிங் சர்டிபிகேட் இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, நீங்க எந்த செக்‌ஷன்ல நிக்கணும்னு அதை வச்சுத்தான் பிரிப்பாங்க. சர்டிபிகேட் இல்லன்னா பின்னாடி போயி நிக்கணும், நடந்து போற கூட்டத்தை வெலக்கி வெலக்கி ஓடுறதுலயே மொத அஞ்சு கிலோமீட்டர் வீணாப்போகும்.

ட்ரெய்னிங்க்கு 16ல இருந்து 18 வாரம் வேணும், அதாவது செப்டம்பர் நடுவுல ஆரம்பிக்கணும். ஏற்கனவே ஒரு ஹாஃப் (21 கிலோமீட்டர்) ஓடினவங்களுக்குத்தான் இந்த கணக்கு. சோபால இருந்து எந்திரிச்சு நேரா ஃபுல்லுக்கு போறவங்க இந்த வருஷம் ஹாஃப் ஓடுங்க, ஃபுல் எங்கயும் ஓடிப்போகாது.

இதுல சென்னைக்காரனுக்கு ஒரு சாபம் இருக்கு. நம்ம முக்கியமான லாங் ரன் எல்லாம் விழற மாசம் அக்டோபர், நவம்பர், டிசம்பர், அதாவது வடகிழக்கு பருவமழை. ஞாயித்துக்கிழமை 28 கிலோமீட்டர்னு பிளான் போட்டு வச்சிருப்பீங்க, சனிக்கிழமை ராத்திரி ரெட் அலர்ட் வரும். இதுக்கு நான் கண்டுபிடிச்ச ஒரே வழி, லாங் ரன்னை ஞாயித்துக்கிழமையோட கட்டி வைக்காதீங்க. வாரத்துல எந்த நாள் மழை விடுதோ அன்னிக்கு ஓடிடுங்க, தேவைப்பட்டா அரை நாள் லீவு போடுங்க. தண்ணி தேங்கின ரோட்டுல மட்டும் வேண்டாம், மூடி இல்லாத பள்ளம் எங்க இருக்குன்னு கார்ப்பரேஷனுக்கே தெரியாது.

என்ன ஓடணும்

வாரத்துக்கு நாலு நாள் போதும். ரெண்டு நாள் ஈஸியா 6ல இருந்து 10 கிலோமீட்டர், ஒரு நாள் கொஞ்சம் வேகம், ஒரு நாள் லாங் ரன். லாங் ரன் 16ல ஆரம்பிச்சு 18, 20, நடுவுல ஒரு வாரம் கொறைச்சு மறுபடி 22, 24, 26, 28, 30ன்னு ஏறி, ஒரே ஒரு தடவை 32. அதுக்கு மேல தேவையில்ல. நெறைய பேர் ட்ரெய்னிங்லயே 38 40னு ஓடி "மைண்டுக்கு நம்பிக்கை வரும்"னு சொல்றாங்க, நம்பிக்கை வரும், கூடவே ஷின் வலியும் (முட்டிக்கு கீழ முன்பக்க எலும்பு வலி) வரும். ஈஸி ரன்னா பக்கத்துல ஓடறவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். மூச்சு வாங்குதுன்னா அது ஈஸி இல்ல, வாட்ச் என்ன சொன்னாலும் சரி.

ஏத்தம் எங்க பழகறது? சென்னை தோசைக்கல்லு மாதிரி தட்டை. ஈசிஆர்ல எவ்ளோ தூரம் போனாலும் ஏத்தம் கிடைக்காது. நான் பண்ணது பரங்கிமலை. மேல சர்ச்சுக்கு போற ரோட்டுல வாரத்துக்கு ஒரு நாள் நாலஞ்சு தடவை ஏறி எறங்கறது. அது தூரம்னு தோணினா ஜிம்ல ட்ரெட்மில்ல இன்க்லைன் 4 வச்சு ஒரு கிலோமீட்டர், அப்புறம் ஃப்ளாட், மறுபடி ஒரு கிலோமீட்டர். ஃப்ளைஓவர்ல விடிகாலையில ஓடறவங்களை பாத்திருக்கேன், பின்னாடி லாரி வர்ற எடத்துல எனக்கு தைரியம் இல்ல. முக்கியமான விஷயம், லாங் ரன்னோட கடைசியில ஒரு நாளாவது ஏத்தத்தை வைங்க. 22 கிலோமீட்டர் ஓடிட்டு பரங்கிமலை ஏறி பாருங்க, பெடர் ரோடு என்னன்னு பாதி புரிஞ்சிடும். எறங்கறதும் பழகணும், தொடை செத்துப்போறது எறக்கத்துலதான்.

இன்னொரு பொறி நம்ம ஊர்லயே இருக்கு. சென்னை மாரத்தான் ஜனவரி மொத வாரத்துல வரும், மும்பைக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஓடுவாங்க, நமக்கும் கை அரிக்கும். அதுல 20 மைல் ஓட்டம் ஒண்ணு இருக்கு, 32 கிலோமீட்டர், "லாங் ரன்னா வச்சுக்கலாமே"ன்னு மனசு சொல்லும், அந்த நேரத்துக்கு அது ரொம்ப லேட். என் ரெண்டாவது மும்பையை நான் இப்படித்தான் கெடுத்துக்கிட்டேன். 10 கிலோமீட்டர் ஓடுங்க, இல்ல ரோட்டோரம் நின்னு கை தட்டுங்க. கடைசி மூணு வாரம் தூரத்தை கொறைச்சுக்கிட்டே வரணும், இதைத்தான் டேப்பர்னு சொல்றாங்க. அந்த நேரம் பாத்து இல்லாத வலியெல்லாம் வரும், முட்டி பிடிக்கற மாதிரி இருக்கும், சளி வர்ற மாதிரி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்.

பொங்கலும் பிப்பும்

மூணாவது ஞாயிறுன்னா 15ல இருந்து 21 தேதிக்குள்ள விழும், அதாவது பொங்கல் வாரத்துலயோ அது முடிஞ்ச உடனேயோ. கார்போ லோடிங்னு, அதாவது ரேஸுக்கு முன்னாடி மாவுச்சத்தை ஏத்திக்கறதுக்கு, காசு கொடுத்து பாஸ்தா சாப்பிடறாங்க, நமக்கு அரிசியும் வெல்லமும் கரும்பும் வீடு தேடி வருது. ஆனா நெய்யையும் முந்திரியையும் பாத்துக்கோங்க, கார்போ வேணும், கொழுப்பு வேணாம். கடைசி ரெண்டு நாள் சாதம், இட்லி, ரசம், வாழைப்பழம், இப்படி வயித்துக்கு தெரிஞ்ச சாப்பாடா இருக்கட்டும், நார்ச்சத்து கம்மியா இருக்கட்டும். கீரை, சுண்டல், காரக்குழம்பு எல்லாம் ரேஸ் முடிஞ்சு.

டிக்கெட்டும் பொங்கல் கூட்டத்தோட மோதும். ட்ரெயின்ல முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் தொறக்குது, நவம்பர் நடுவுல அலாரம் வச்சு உக்காரணும். சென்னையில இருந்து கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பயணம், வியாழக்கிழமை கெளம்பி வெள்ளிக்கிழமை போய் சேருங்க. ஏன்னா பிப்பை, அதாவது நெஞ்சுல குத்திக்கற நம்பர் அட்டையை, நேர்ல போய் ஐடி காட்டித்தான் வாங்கணும், ரேஸ் அன்னிக்கு காலையில குடுக்க மாட்டாங்க. பிப் குடுக்கற எக்ஸ்போ பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் பக்கம் நடக்கும். சனிக்கிழமை போனா கூட்டத்துல மூணு மணி நேரம் கால் கடுக்க நிக்கணும், வெள்ளிக்கிழமையே போயி வாங்கிட்டு ஓடி வந்துடுங்க. ஆஃபர்ல ஷூ பாத்தா வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா ஞாயித்துக்கிழமை போடாதீங்க. புது ஷூ, புது சாக்ஸ், பையோட குடுத்த புது டி-ஷர்ட், எதுவும் வேணாம்.

தங்கறதுக்கு, மாட்டுங்காவுலயோ சயான்லயோ செம்பூர்லயோ சொந்தக்காரங்க இருந்தா அதை விட நல்ல எடம் இல்ல. மாட்டுங்கால கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனா மும்பைல இருக்கோம்னே மறந்துடும், காலையில இட்லி ஃபில்டர் காபி, மத்தியானம் எலை சாப்பாடு. நான் அத்தை வீட்டுலதான் தங்குவேன். அத்தைகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுவேன், "அத்தே, சனிக்கிழமை ராத்திரி வெறும் ரசஞ்சாதம் போதும்". மொத வருஷம் சொல்லாம விட்டு பூரி, உருளைக்கிழங்கு, குலோப் ஜாமூன்னு ஆகி, மாஹிம்ல ஒரு டாய்லெட் வாசல்ல 7 நிமிஷம் கியூவுல நின்னேன்.

ஞாயித்துக்கிழமை

ஃபுல் கடைசி சில வருஷமா காலைல 5 மணி சுமாருக்கு ஆரம்பிக்குது. அப்போ ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும். சனிக்கிழமை ராத்திரி தூக்கமே வராது, அதுக்கு டென்ஷன் ஆகாதீங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கினீங்களான்னுதான் கணக்கு. எந்திரிச்ச உடனே ரெண்டு இட்லியோ பிரெட் ஜாமோ வாழைப்பழமோ, கூட காபி, வயித்தை காலி பண்ண டைம் விடுங்க. ரன்னர்களுக்காக விடிகாலையில ஸ்பெஷல் லோக்கல் விடுவாங்க, அந்த வாரம் ரயில்வே அறிவிப்பை பாருங்க. டாக்ஸின்னா ரோடு மூடறதுக்கு முன்னாடி போகணும், ஸ்டேஷன்கிட்ட வரைக்கும் விட மாட்டாங்க, கொஞ்சம் நடக்கணும்.

தொடை இடுக்கு, அக்குள், கால் விரல் நடுவுல வேஸ்லின். ஆம்பளைங்க மார்புக் காம்புல பிளாஸ்டர் ஒட்டிக்கோங்க, சிரிக்காதீங்க, ஒட்டாதவங்க டி-ஷர்ட்ல ரெண்டு சிவப்பு கோடோட ஃபினிஷ் ஃபோட்டோல நிப்பாங்க.

மும்பையில ஒரு நல்ல விஷயம், சூரியன் லேட்டா வரும். ஜனவரியில சென்னையில ஆறரை தாண்டின உடனே வெளிச்சம், மும்பையில ஏழேகால் ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருட்டும் குளிரும் கிடைக்குது, அதான் ஆபத்தும். குளு குளுன்னு இருக்கு, மரைன் டிரைவ்ல லைட் எல்லாம் மின்னுது, ஆயிரக்கணக்கான பேர் கூட ஓடறாங்க, காலு தானா பறக்கும். மொத வருஷம் நான் ஹாஃப் தூரத்தை 2.08க்கு முடிச்சிட்டு "இன்னிக்கு 4.20"ன்னு கணக்கு போட்டேன். அடுத்த ஹாஃப்க்கு மூணு மணி நேரம் ஆச்சு.

கணக்கு இது. நாலரை மணி நேரத்துக்கு 42.195ஐ வகுத்தா கிலோமீட்டருக்கு 6.24, அதாவது 6 நிமிஷம் 24 செகண்ட். அஞ்சு மணி நேரம்னா 7.07. ஆனா ரூட்டை அளக்கறது ரொம்ப குறுக்கான கோட்டுல, நீங்க வளைவுல வெளிப்பக்கம் ஓடுவீங்க, தண்ணிக்கு ஒதுங்குவீங்க, ஆளை சுத்தி போவீங்க, வாட்ச்ல முடியறப்ப 42.6 காட்டும். அதனால நாலரைக்கு வாட்ச்ல 6.20 தெரியணும். இதை சமமா பிரிக்காதீங்க. மொத 5 கிலோமீட்டர் 6.35, போற பெடர் ரோட்டுல 6.50 ஆனாலும் கவலைப்படாதீங்க, பக்கத்துல எல்லாரும் தாண்டி போவாங்க, போகட்டும், அதே ஆளுங்களை திரும்பி வர்றப்ப அதே ரோட்டுல நடந்துகிட்டிருக்கறப்ப பாப்பீங்க. ஸீ லிங்க்ல சாதாரண நாள்ல நடக்கவோ டூவீலர்ல போகவோ விட மாட்டாங்க, ஓடற அந்த அஞ்சரை கிலோமீட்டரை ரசிங்க, ஒரு செல்ஃபி எடுத்தா 20 செகண்ட்தான் போகும். ஆனா அங்க சனம் யாரும் நிக்க மாட்டாங்க, கை தட்டல் கிடையாது, காத்து எதுத்து அடிச்சா நாலு பேர் கூட்டத்துக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கோங்க.

ஜெல் விஷயம். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு, 70 கிலோ ஆளுக்கு முழு தூரத்துக்கு 2900 கலோரி கிட்ட வரும். ஒடம்புல சேமிச்சு வச்சிருக்கற சர்க்கரை 2000 சுமார். மிச்சத்தை போட்டுக்கிட்டே போகலன்னா 30, 32ல சுவத்துல முட்டின மாதிரி நிக்கறது இதனாலதான். 40, 45 நிமிஷத்துல மொத ஜெல், அப்புறம் அரை மணிக்கு ஒண்ணு, பசிக்கறவரைக்கும் காத்திருக்காதீங்க. ஜெல் ஒத்துக்கலன்னா பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எது வேணா, ஆனா ட்ரெய்னிங்ல சாப்பிட்டு பாத்ததா இருக்கணும். தண்ணி தாகத்துக்கு குடிங்க. தண்ணி குடுக்கற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பாட்டில் கவுத்தா ரத்தத்துல உப்பு கொறைஞ்சு தலை சுத்தி விழறவங்க இருக்காங்க, அது தண்ணி பத்தாததை விட மோசம். வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடாதீங்க, நீர் வத்தின ஒடம்புல கிட்னிக்கு அடி.

வீட்டுக்காரங்க எங்க நிக்கணும்

பிப்லயே சிப் இருக்கும், ரோட்டுல விரிச்சிருக்கற டைமிங் பாயை தாண்டறப்பல்லாம் ஆப்ல உங்க நேரம் ஏறும். பிப் நம்பரை முந்தின நாளே வீட்டு குரூப்ல போட்டுடுங்க. ஆப் லேட்டா காட்டலாம், புள்ளி நகரலன்னு அம்மா பயந்துடுவாங்க, அதையும் சொல்லி வைங்க. பாக்க வர்றவங்களுக்கு மரைன் டிரைவ் வசதி, போறப்ப ஒரு தடவை வர்றப்ப ஒரு தடவை பாக்கலாம். எனக்கு கேட்டா ஆள் வேண்டியது பெடர் ரோட்டுலதான். கடல் பக்கமா ரோட்டு பக்கமான்னு முன்னாடியே பேசிக்கோங்க, நான் ஒரு தடவை அத்தை பையனை எதிர் பக்கம் தேடி தேடி கழுத்து பிடிச்சுக்கிச்சு.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. 33ல நிக்கறவனுக்கு அது கொஞ்ச தூரம் இல்ல. பேரை சொல்லி கத்துங்க, போதும். மும்பைக்காரங்க இதுல கில்லாடிங்க, பெடர் ரோடு பில்டிங் ஆளுங்க குடும்பத்தோட எறங்கி வந்து ஆரஞ்சு, பிஸ்கட், உப்பு, வலி ஸ்ப்ரேன்னு நீட்டுவாங்க, தாத்தா பாட்டி தட்டை தட்டிக்கிட்டு நிப்பாங்க. ஆரஞ்சு சுளை வாங்கிக்கோங்க, அதை தவிர புதுசா எதையும் வாயில போடாதீங்க.

ஜெயிக்கறதுக்கு ஓடற எலீட் ஆளுங்க நமக்கு அப்புறம், ஏழு மணி தாண்டித்தான் ஸ்டார்ட். 2023-ல எத்தியோப்பியாவோட ஹெய்லே லெமி 2:07:32-ல முடிச்சாரு, கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் 1 செகண்ட். அதனால நாலரை மணி நேர ஆளு கடைசி சில கிலோமீட்டர்ல இருக்கறப்ப பின்னாடி மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்கும், ஓரமா வாங்க, அஞ்சாறு பேர் சத்தமே இல்லாம பறந்து போவாங்க. டிக்கெட் எடுத்து கேலரில உக்காந்தாலும் இவ்ளோ கிட்ட பாக்க முடியாது. ஒரு நிமிஷம் என் காலு வலியே மறந்துடுச்சு, அடுத்த நிமிஷம் டபுளா ஞாபகம் வந்துச்சு.

இப்போ பெடர் ரோடு

ஹாஜி அலி தாண்டினதும் ஒரு ஜெல், ரெண்டு மடக்கு தண்ணி, தலையில ஒரு பாட்டில். ஏத்தம் ஆரம்பிக்கறப்ப வாட்சை பாக்காதீங்க. அடியை சின்னதாக்குங்க, கையை ஆட்டுங்க, பார்வை பத்தடி முன்னாடி இருந்தா போதும், உச்சியை பாக்க வேண்டாம். ஓட முடியலன்னா நடங்க, ஆனா கணக்கு வச்சு நடங்க. நான் ரெண்டு லைட் கம்பம் ஓடி ஒரு கம்பம் நடந்தேன், மொத வருஷம் முழுசும் நடந்ததுக்கு இது அஞ்சு நிமிஷம் மிச்சம். கெண்டைக்கால் கிராம்ப் வந்தா நின்னு மெதுவா நீட்டுங்க, உதறாதீங்க. நெஞ்சு வலி, கண்ணு இருட்டறது, குளிர் நடுக்கம் வந்தா பேச்சே இல்ல, மெடிக்கல் டென்ட்ல உக்காருங்க.

கெம்ப்ஸ் கார்னர் எறக்கத்துல தடதடன்னு விழாதீங்க, பிரேக் போட்டு எறங்குங்க. கீழ வந்தா மரைன் டிரைவ், நிழலே கிடையாது, அந்த வளைவு முடியவே முடியாத மாதிரி தெரியும். அங்கதான் நீங்க காலையில சேத்து வச்சதை செலவு பண்ணணும்.

ஃபினிஷ்ல டக்குனு உக்காராதீங்க, பத்து நிமிஷம் நடங்க. சர்டிபிகேட்ல ரெண்டு நேரம் இருக்கும், ஸ்டார்ட் அறிவிச்சதுல இருந்து ஒண்ணு, நீங்க கோட்டை தாண்டினதுல இருந்து ஒண்ணு, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ரெண்டாவதை சொல்லுங்க. வீட்டுக்கு லோக்கல்ல போறவங்க ஞாயித்துக்கிழமை மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக ட்ரெயினை நிறுத்தறது) இருக்கான்னு பாத்துக்கோங்க, ஸ்டேஷன் மேம்பாலத்துல எறங்கறப்ப கைப்பிடியை பிடிச்சு பின்பக்கமா எறங்கினா தொடை வலிக்காது, பாக்கறவங்க சிரிப்பாங்க, கழுத்துல மெடல் இருந்தா சிரிக்க மாட்டாங்க. அப்புறம் நவம்பர்ல திரும்பி வர்ற டிக்கெட் போடறப்பவே லோயர் பெர்த் கேட்டு வைங்க, நான் ஒரு தடவை அப்பர் பெர்த்ல மாட்டி குண்டக்கல் வரைக்கும் பாத்ரூம் போகாம படுத்திருந்தேன்.